சொகுசு கார்களின் தோற்றமும் வீட்டில் பழுதுபார்க்கும் வசதியும்

கார் ஆர்வலர்களிடையே பல ஆண்டுகளாக ஓயாத விவாதம் ஒன்று உண்டு. இன்றைய சொகுசு கார்களின் தோற்றம் அழகா, மிகையா என்பது அதன் ஒரு பாதி. காரை வாங்கியவர் அதைத் தம் வீட்டு வாசலில் வைத்துத் தாமே பழுதுபார்க்க முடியுமா என்பது மறுபாதி. இவை வெவ்வேறு கேள்விகள்தாம். ஆனாலும் விவாதிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். முன்புறக் கிரில் பெரிதாகிவிட்டது என்று குறைப்படுபவரே, ஒரு விளக்கை மாற்றுவதற்குப் பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறதே என்றும் வருந்துகிறார். அழகு கூடியதால்தான் பழுதுபார்ப்பது கடினமாயிற்று என்பது பலரின் முடிவு. வரலாற்றைப் பார்த்தால் அந்த முடிவு பாதியளவே சரி என்று தெரிகிறது.

ஸ்பேனரோடு வந்த கார்

1908ஆம் ஆண்டு அக்டோபரில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 'மாடல் டி' காரை வெளியிட்டது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்கள் உற்பத்தியாயின. 850 டாலருக்கு விற்கத் தொடங்கிய அதன் விலை, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே அது கிடைத்தது.

இதை வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் அமெரிக்கக் கிராமங்களின் விவசாயிகள். பழுதுபார்க்கும் பட்டறைகள் பக்கத்தில் இல்லாத ஊர்கள் அவை. எனவே காருடன் கருவிகளும் தரப்பட்டன. உரிமையாளருக்கான கையேடு பள்ளிப் பாடநூலைப் போல வினா-விடை வடிவில் எழுதப்பட்டிருந்தது. பிரேக் பட்டையை மாற்றுவது, வால்வைத் தேய்ப்பது போன்ற வேலைகளை உரிமையாளரே செய்வார் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. வீட்டில் பழுதுபார்க்கும் பழக்கம் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. வேறு வழியில்லாத தேவையிலிருந்தே அது பிறந்தது.

ஓட்டுநர் கவனித்துக்கொண்ட சொகுசு

அதே காலத்துச் சொகுசு கார்களின் நிலை வேறு. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டுமே விற்றது. அவற்றின் மீது உடலைக் கட்டித் தருவது பார்க்கர், ஹூப்பர் போன்ற தனி நிறுவனங்களின் தொழில். தோற்றத்தை வாங்குபவரே முடிவு செய்தார். நிறுவனமே உடலையும் சேர்த்து முழுக் காராக விற்ற முதல் ரோல்ஸ் ராய்ஸ், 1949இல் வந்த சில்வர் டான்.

இத்தகைய கார்களின் உரிமையாளர்கள் ஸ்பேனரைத் தொட்டவர்கள் அல்லர். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநரே மெக்கானிக்காகவும் இருந்தார். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்க ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே ஒரு பள்ளி நடத்தியது. ஆகவே 'அந்தக் காலத்தில் சொகுசு காரை வைத்திருந்தவரே பழுதுபார்த்தார்' என்று சொல்வது சரியாகாது. கார் வீட்டிலேயே பழுதுபார்க்கப்பட்டது உண்மை. பார்த்தவர்தான் வேறு. பழைய சொகுசு கார்கள் பிற்காலத்தில் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி நடுத்தர வருமானக்காரர்களிடம் வந்தபோதுதான் உரிமையாளரே பழுதுபார்க்கும் வழக்கம் அவற்றுக்கும் வந்தது. இன்றைய விவாதத்திலும் குரல் கொடுப்பவர்களில் பலர் புதிய காரை வாங்கியவர்கள் அல்லர். பத்து வருடம் ஓடிய காரை வாங்கிப் பராமரிப்பவர்கள்.

தோற்றம் ஒரு துறையான கதை

1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன், ஃபோர்டை விலையால் வெல்ல முடியாது என்று கண்டார். ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒரு கார், ஆண்டுதோறும் தோற்றத்தில் ஒரு மாற்றம் என்ற வழியை எடுத்தார். வேகமாக உலரும் டூக்கோ வண்ணப்பூச்சு அதே காலத்தில் வந்தது. வாரக்கணக்கில் நடந்த பூச்சு வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பல நிறங்களில் கார்களைத் தருவது எளிதாயிற்று.

1927இல் ஹார்லி எர்ல் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய 'லசால்' கார் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் தலைமையில் தோற்றத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவை ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கியது. மாடல் டி உற்பத்தி நின்றதும் அதே 1927தான். பழுதாகாமல் ஓடிக்கொண்டிருக்கும் காரையே பழையதாகத் தோன்றவைக்கும் கலை அந்த ஆண்டில் தொழிலாக நிலைபெற்றது எனலாம்.

அழகும் எளிமையும் சேர்ந்திருந்த காலம்

எர்ல் காலத்து வடிவங்கள் அடக்கமானவை அல்ல. 1948இல் கேடிலாக் கார்களின் பின்புறத்தில் சிறு துடுப்புகள் முளைத்தன. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து வந்த யோசனை அது. 1959ஆம் ஆண்டு கேடிலாக்கில் அந்தத் துடுப்புகள் உச்சத்தைத் தொட்டன. இன்றைய எந்தக் கிரில்லையும்விட அவை பெரிய மிகை என்று சொல்பவர்கள் உண்டு.

ஆனால் அதே காரின் போனட்டைத் தூக்கினால் உள்ளே தாராளமான இடம் இருந்தது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக், ஃபேன் பெல்ட் என ஒவ்வொன்றும் கைக்கு எட்டியது. அலங்காரம் வெளியே தகட்டில் இருந்தது. உள்ளே இருந்த எஞ்சினை அது தொடவில்லை.

இதற்கு இன்னும் தெளிவான சான்று, சொகுசு வகையைச் சேராத ஒரு சிறு கார். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவன்னி மிச்செலோட்டி உருவம் கொடுத்தார். போனட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரங்களின் சஸ்பென்ஷன் அனைத்தும் திறந்தவெளியில் நிற்கும். குனிந்து தேட வேண்டியதில்லை. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உற்பத்தி செய்ததால், தமிழகத்து மெக்கானிக்குகளுக்கு இந்தப் போனட் நன்கு பழக்கமானது.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1976 முதல் 1985 வரை தயாரித்த டபிள்யூ-123 வரிசையும் இவ்வகையே. ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் விற்ற அந்த வரிசையில், போனட்டைச் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தும் வசதி உண்டு. மரியாதைக்குரிய தோற்றமும் மெக்கானிக்குக்கு வேண்டிய இடமும் ஒன்றாக இருந்தன. பல நாடுகளில் அது டாக்சியாக நெடுங்காலம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே காலத்தில் வீட்டு மெக்கானிக்குக்குத் துணையாக ஒரு நூல்வகையும் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் 1966இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்கு ஒரு கையேடு வெளியிட்டார். ஒரு காரை முழுவதும் பிரித்து, மீண்டும் பூட்டி, ஒவ்வொரு படிக்கும் புகைப்படம் எடுத்துப் போடுவது அவருடைய முறை. உலகெங்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட ஹேன்ஸ் கையேடுகள் விற்றன.

போனட்டுக்கு அடியில் நேர்ந்த மாற்றம்

பிறகு எது மாறியது? நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, காற்று மாசுச் சட்டங்கள். அமெரிக்கா 1970இல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல்கள் முதல் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி பரவலாயிற்று. கார்புரேட்டரால் அந்த அளவுக்குத் துல்லியமாகப் பெட்ரோலைக் கலக்க இயலவில்லை. அதன் இடத்துக்கு மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்தது.

இரண்டாவது, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. எரிபொருளைச் சேமிக்கக் காரின் மூக்கு தாழ்ந்தது, எடை குறைந்தது. பல கார்களில் எஞ்சின் குறுக்காகத் திரும்பி முன் சக்கரங்களை இழுத்தது. கை நுழையும் இடம் சுருங்கியது.

மூன்றாவது, கணினி. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற தகவல் இணைப்பு, 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் இடம்பெற்றது. காரின் பல பாகங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்ற 16 முனைப் பொருத்தி கட்டாயமாயிற்று. பழுது எங்கே என்று ஸ்கேனர் மூலம் காரே சொல்லும் ஏற்பாடு இது. சட்டம் எல்லாருக்கும் பொதுவாக்கியது புகை தொடர்பான குறியீடுகளையே. கதவு, இருக்கை, ஏர்பேக் போன்றவற்றின் குறியீடுகள் அந்தந்த நிறுவனத்தின் மொழியிலேயே இருந்தன.

நான்காவது, புதிய உலோகங்கள். 1994இல் வந்த ஆடி ஏ-8 காரின் உடல் அலுமினியச் சட்டத்தால் ஆனது. எடை குறைந்தது, துருவும் பிடிக்காது. ஆனால் இரும்புத் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் சாதாரண டிங்கரிங் பட்டறையில் அதைச் சரிசெய்ய இயலாது.

இந்த நான்கில் எதுவும் அலங்காரத்துக்காக வந்ததன்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தூய காற்று, குறைந்த எரிபொருள், பாதுகாப்பு ஆகியவை நல்ல நோக்கங்களே.

ஒரு விளக்கின் கதை

தோற்றமும் பழுதுபார்ப்பும் நேரடியாக மோதிய பாகம் எது என்றால் ஹெட்லைட்டைச் சொல்லலாம்.

1940 மாடல்கள் முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் 7 அங்குல விட்டமுள்ள, முழுவதும் மூடப்பட்ட ஒரே அளவு வட்ட விளக்கு பொருத்தப்பட்டது. கேடிலாக் ஆனாலும் மலிவான ஃபோர்டு ஆனாலும் விளக்கு ஒன்றே. எரியாமல் போனால் எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். சில திருகாணிகளைக் கழற்றி மாட்டலாம். வடிவமைப்பாளர்களுக்கு இது பெரிய தடை. காரின் கண்ணை அவர்களால் மாற்ற இயலவில்லை.

1983இல் விதி தளர்ந்தது. 1984 மாடல் லிங்கன் மார்க்-7 காரின் உடலோடு ஒட்டிய, தனி வடிவ விளக்கு அமெரிக்கச் சாலைக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு காரும் தன் விளக்காலேயே அடையாளம் காணப்படலாயிற்று. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் மெல்லிய கோடுகளாக, இரவிலும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் முகங்களாக இருக்கின்றன. அவை நீண்ட காலம் எரிகின்றன. வளைவுக்கு ஏற்பத் திரும்புகின்றன. எதிரே வருபவரின் கண் கூசாதபடி ஒளியைக் குறைக்கின்றன. ஆனால் பல கார்களில் உள்ளே ஒரு சிறு பகுதி கெட்டாலும் முழு விளக்கையே மாற்ற வேண்டும். பொருத்திய பிறகு அதைக் காரின் கணினிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும்.

கண்ணுக்கு நன்மை, கைக்கு இழப்பு. இரண்டையும் இந்த ஒரே பாகத்தில் பார்க்கலாம்.

பேங்கிள் காலமும் பெரிய கிரில்லும்

சொகுசு கார்த் தோற்றம் பற்றிய நவீன விவாதம் 2001இல் சூடேறியது. அந்த ஆண்டு பி.எம்.டபிள்யூ வெளியிட்ட புதிய 7 வரிசைக் காரின் டிக்கி மூடி, உடலின் மேல் தனியாக எடுத்து வைத்ததுபோல் உயர்ந்து நின்றது. அதன் வெளித்தோற்றத்தை வரைந்தவர் அட்ரியன் வான் ஹூய்டோங்க். வடிவமைப்புத் துறைத் தலைவர் கிறிஸ் பேங்கிள். பழியெல்லாம் தலைவர்மேல் விழுந்தது. அவரை நீக்கக் கோரி ஆர்வலர்கள் இணையத்தில் மனுவே நடத்தினர். அவர் 2009 வரை பணியில் இருந்தார். கார் விற்பனையில் தோற்கவில்லை.

அதே காரில் வந்த ஐ-டிரைவ் என்ற ஒற்றைத் திருகி, பல பொத்தான்களின் வேலையைத் திரைக்குள் கொண்டுபோனது. அந்தப் பத்தாண்டில் வந்த பல பி.எம்.டபிள்யூ கார்களில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி காணாமல் போயிற்று. அளவைச் சென்சார் சொன்னது. புதிய பேட்டரி மாட்டினால் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டிய நிலையும் வந்தது. டிக்கி மூடியைத் திட்டியவர்கள் பலர். ஆயில் கம்பி போனதை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. பின்னோக்கிப் பார்க்கையில், உரிமையாளரின் வாழ்வை அதிகம் மாற்றியது இரண்டாவதுதான்.

2020இல் 4 வரிசைக் காரின் உயரமான கிரில் அடுத்த சண்டையைக் கிளப்பியது. 1933இல் 303 மாடலில் தொடங்கிய சிறுநீரக வடிவக் கிரில்லின் மரபு அது என்றனர் ஆதரிப்பவர்கள். முகத்தை விழுங்கிவிட்டது என்றனர் எதிர்ப்பவர்கள்.

திறக்காத போனட்

1999இல் வந்த ஆடி ஏ-2 சிறு காரின் போனட்டுக்குக் கீல் கிடையாது. ஆயிலும் கண்ணாடி கழுவும் நீரும் ஊற்ற முன்பக்கத்தில் ஒரு சிறு கதவு போதும் என்று கருதினர். தாழ்ப்பாள்களைத் திருகிப் போனட்டைக் கழற்றி எடுக்க முடிந்தது.

2021இல் இந்த எண்ணம் அடுத்த படிக்குச் சென்றது. மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ்., பி.எம்.டபிள்யூ ஐ-எக்ஸ் ஆகிய மின்சாரச் சொகுசு கார்களின் போனட்டை உரிமையாளர் திறக்கக் கூடாது. சேவை மையத்தினரே திறப்பர். கண்ணாடி நீரை ஊற்ற ஈ.கியூ.எஸ்ஸில் பக்கவாட்டில் ஒரு மூடியும், ஐ-எக்ஸில் போனட்டின் மேலுள்ள நிறுவனச் சின்னத்துக்கு அடியில் ஒரு துளையும் உள்ளன. ஐ-எக்ஸின் பெரிய கிரில்லும் காற்றுப் புகும் வழி அன்று. அதன் பின்னால் கேமராவும் சென்சார்களும் இருக்கின்றன.

இரு தரப்பு வாதங்கள்

புதிய கார்களை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பழைய கார்களை வீட்டில் பழுதுபார்க்க முடிந்தது. அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியும் இருந்தது. பாயிண்ட் தேய்ந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டரை டியூன் செய்ய வேண்டும். மூட்டுகளுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். இன்று பல கார்களில் பிளக்குகளே 1,00,000 கிலோமீட்டர் வரை உழைக்கின்றன. மின்சாரக் காரின் பேட்டரியில் 400 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. பயிற்சி இல்லாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

எதிர்த்தரப்பின் வாதம் வேறிடத்தில் நிற்கிறது. கடினமான வேலையைப் பட்டறைக்கு விடுவதில் அவர்களுக்கு மறுப்பில்லை. பேட்டரி மாற்றுவது, ஆயில் பார்ப்பது போன்ற எளிய வேலைகளும் நிறுவனத்தின் அனுமதிக்குக் கீழ் வருவதுதான் அவர்களின் குறை. அதன் விளைவு பெரும்பாலும் பத்தாம் ஆண்டில் தெரிகிறது. கார் நன்றாகவே ஓடும். ஒரு விளக்கின் விலையும் அதைப் பொருத்தும் கூலியும் காரின் மதிப்பில் பெரும் பங்கை விழுங்கிவிடும். அப்போது உடைந்தது விளக்கு என்றாலும் கைவிடப்படுவது கார்.

மென்பொருள் இந்தக் கவலையைக் கூட்டியது. 2022இல் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட இருக்கைச் சூடேற்றிக்கு மாதக் கட்டணம் வாங்கும் முறையை பி.எம்.டபிள்யூ வைத்தது. எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த ஆண்டே அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

சட்டம் நுழைந்த இடங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில், பழுதுபார்க்கும் தகவல்களை எல்லாப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சுமார் 86 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2014இல் அது நாடு தழுவிய உடன்பாடாயிற்று. கார்கள் கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் உரிமையாளர் பெற வேண்டும் என்று அதே மாநிலம் 2020இல் மீண்டும் வாக்களித்தது. கார் நிறுவனங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. தங்கள் வாகனத்தின் மென்பொருளைப் பழுதுபார்ப்புக்காக உரிமையாளர்கள் ஆராய்வது குற்றமாகாது என்று 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை விதியில் விலக்கும் அளிக்கப்பட்டது.

இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் ஒரு முக்கிய ஆணையைப் பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதுகாணும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மாருதி, டாட்டா முதல் மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ வரை அப்பட்டியலில் இருந்தன. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் நான்கு துறைகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

இந்தச் சட்டங்களின் பயன், வீட்டு வாசலில் வேலை பார்க்கும் ஆர்வலரோடு முடிவதில்லை. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் உதிரிபாகம் வாங்கி, தெருமுனையில் பட்டறை நடத்தும் மெக்கானிக்கின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. அந்தக் காரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிய கைகளுக்கு, இன்று ஸ்கேனரும் கடவுச்சொல்லும் தேவைப்படுகின்றன. திறமை குறையவில்லை, தகவல்தான் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை

ஹேன்ஸ் நிறுவனம் புதிய கார்களுக்கான பட்டறைக் கையேடுகளை இனி அச்சிடுவதில்லை என்று 2020இல் அறிவித்து, இணைய வடிவுக்கு மாறியது. 2025இல் வந்த மெர்சிடிஸின் மின்சார சி.எல்.ஏ. காரில் உரிமையாளரே போனட்டைத் திறக்கலாம். திறந்தால் உள்ளே இருப்பது 101 லிட்டர் கொள்ளளவுள்ள சாமான் பெட்டி.

துடுப்பு வைத்த கேடிலாக்கும், முன்னால் சாயும் ஹெரால்டு போனட்டும், நிமிர்ந்து நின்ற மெர்சிடிஸ் மூடியும், அழகுக்காகக் கையின் வழியை அடைக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றுகள். அடைத்தவற்றுள் சில, தூய காற்றுக்காகவும் உயிர்ப் பாதுகாப்புக்காகவும் நாம் விரும்பி ஏற்றவை. வேறு சில, தகவலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள நிறுவனங்கள் எடுத்த வணிக முடிவுகள். அடுத்த முறை ஒரு காரின் கிரில்லைப் பற்றி யாரேனும் சண்டையிடக் கேட்டால், அதன் பேட்டரியை மாற்ற யாருடைய அனுமதி வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள்.